வெருகல் வெள்ளத்துக்கு ஒரு வரைபடம் வேண்டும்

335 கிலோமீற்றர் நீளமான மகாவலி கங்கை, தன் இறுதிக் கட்டத்தில் கிளை பிரிந்து, ஒரு பகுதி கொட்டியாரக் குடாவிலும் மற்றையது வெருகல் ஆறாகவும் கடலைச் சேர்கின்றது. மலையகத்தில் கொட்டும் மழையின் சுமையை இறுதியில் தாங்குபவர்கள் இக்கழிமுகத்து மக்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது இதனையே மீண்டும் உணர்த்தியது. 2006 இல் மதகு மூடப்பட்டதால் போருக்கு வழிகோலிய அதே மாவிலாறு, இம்முறை நீர் மிகுதியால் மக்களை இடம்பெயரச் செய்தது.

இப்பிரதேசத்தின் வில்லுகள் வெறும் பள்ளங்கள் அல்ல. மாரியில் கரைமீறும் ஆற்றுநீரை ஏந்தி வைத்து மெதுவாக விடுவிப்பவை அவையே. கோடையில் அவை மேய்ச்சல் தரைகளாகின்றன. கோடைத் தோற்றத்தை மட்டும் பார்த்து அவற்றைத் தரிசு நிலமெனக் கருதி நிரப்பினாலோ, குறுக்கே வீதி அமைத்தாலோ, அங்கு தங்கவேண்டிய வெள்ளம் வயல்களையும் வீடுகளையும் நாடிச் செல்லும். ஆகவே, ஒரு பருவத்தை மாத்திரம் காட்டும் வரைபடம் இங்கு போதாது.

உலகின் மறுகோடியில், ஆர்க்டிக் தண்டரா நிலத்திலும் இதே பிரச்சினையே உள்ளது. உறைநிலம் உருகுவதால் அங்கு சில ஏரிகள் வடிந்து மறைய, புதியவை தோன்றுகின்றன. ஒருமுறை வரைந்த படம் விரைவில் பழையதாகிவிடுகின்றது. எனவே விஞ்ஞானிகள் செய்மதிகளின் துணையுடன் அந்நீர்நிலைகளைத் திரும்பத் திரும்ப அளவிடுகின்றனர். 2014 முதல் ஏவப்பட்டுவரும் ஐரோப்பிய சென்டினல்-1 ராடார் செய்மதிகள் முகிலையும் இருளையும் ஊடுருவிப் படம்பிடிக்கின்றன. அமெரிக்காவும் பிரான்சும் 2022 டிசெம்பரில் ஏவிய 'ஸ்வொட்' செய்மதி நீர்மட்டத்தின் உயரத்தையே அளவிடுகின்றது. இவற்றின் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பருவமழை முகில் மூடிய வெருகலுக்கும் அவை பயன்படும்.

எனினும் செய்மதி மாத்திரம் போதுமானதன்று. ஸ்வொட் செய்மதி பிரதானமாக 100 மீற்றருக்கு மேல் அகலமான ஆறுகளுக்கென வடிவமைக்கப்பட்டது. சிறு ஓடைகளும் மரநிழலில் மறைந்த நீர்வழிகளும் உள்ளூர் விவசாயிக்கும் மீனவருக்கும் கால்நடை வளர்ப்பவருக்குமே தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களமும் நில அளவைத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அவர்களையும் இணைத்துக்கொண்டு, மாரி, கோடை இரண்டையும் காட்டும் வரைபடத்தைத் தயாரித்தல் வேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் அவசியம்.

வெருகல், மூதூர், கிண்ணியா, சேருவில என்ற நிருவாக எல்லைகளை வெள்ளம் அறியாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமும் அதற்கில்லை. நீரின் இடம் எதுவென்பதை முன்கூட்டியே குறித்துவைத்தால், அடுத்த மாரியில் மனிதரின் இடத்தைக் காப்பாற்றலாம்.