‘மூலிகைதானே’ எண்டு சொல்லாதையுங்கோ

“மூலிகைதானே, அது என்ன செய்யப்போகுது?” இந்த ஒரு வசனத்தோடதான் எங்களுக்குச் சண்டை.

அடிக்கடி சலத்தில் கிருமி வந்து அவதிப்படுகிற பெண்களிடம் இந்த வசனம் நிறையத் தரம் சொல்லப்படுகிறது. ஆறு மாதத்தில் இரண்டு தரம், இல்லாட்டி ஒரு வருடத்தில் மூன்று தரம் தொற்று வந்தால், அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று எண்டு மருத்துவம் கணக்கெடுக்கும். அனேகமாகக் காரணம், எங்கட குடலிலேயே குடியிருக்கிற ஈ.கோலை பற்றீரியா. அன்ரிபயோட்டிக் எடுத்தால் எரிவு நிற்கும், பிறகு திரும்ப வரும். எடுக்க எடுக்கக் கிருமியும் மருந்துக்கு அடங்காமல் பழகிக்கொள்ளும். வெளியில் கதைக்கவும் வெட்கம். இப்படிக் களைச்சுப்போன ஒருத்தி “ஆயிரம் வருஷச் சீன மருந்து” எண்டு எழுதின போத்தலை வாங்கினால், அவளை மடைச்சி எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. எங்கட கோபம் அந்தப் போத்தலை விற்கிறவர்கள் மேலதான்.

முதலில் ஆதாரத்தைப் பார்ப்பம். இதே நோய்க்குச் சீன மூலிகை கொடுத்துச் செய்த ஆய்வுகளைக் கொக்ரேன் அமைப்பு 2015இல் ஒன்றுசேர்த்து அலசியது. அலசினவர்களில் ஒரு சீன மூலிகை மருத்துவரும் இருந்தார், ஆகவே இது எதிரிகள் எழுதின தீர்ப்பு இல்லை. கிடைத்தவை 7 ஆய்வுகள், எல்லாவற்றிலும் சேர்த்து 282 பெண்கள். மூலிகை எடுத்தவர்களுக்குத் தொற்றுத் திரும்ப வருவது குறையலாம் எண்டு ஒரு சாடை தெரிந்தது. ஆனால் 7 ஆய்வுகளும் பக்கச்சார்புக்கு நிறைய இடம் விட்டவை. பக்கவிளைவு வந்ததா எண்டு ஆராய்ந்தவை இரண்டே இரண்டு. மற்ற ஐந்தில் கேள்வியே இல்லை! கேட்காத கேள்விக்குப் பதில் வராததை வைத்துக்கொண்டு “பக்கவிளைவே இல்லை” எண்டு எப்படி விற்கலாம்?

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது எண்டதற்குச் சீன மருத்துவத்துக்குள்ளேயே சாட்சி இருக்கு. சலக்கடுப்புக்குச் சீனர்கள் காலங்காலமாகப் பாவிக்கும் மருந்து ‘பா செங் சான்’. சொங் அரச காலத்து மருந்து நூலில் வரும் தூள் அது. அதில் சேரும் சரக்குகளில் ஒன்று ‘மூ தொங்’ எண்ட கொடி. பழைய மூ தொங் வேறு செடி. பிற்காலத்தில் அதே பெயரில் ‘குவான் மூ தொங்’ எண்ட இன்னொரு கொடி சந்தைக்குள் வந்து இடத்தைப் பிடித்தது. அதில் இருப்பது அரிஸ்டோலோகிக் அமிலம். சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவரும். சலப்பை நோய்க்குக் குடிக்கிற மருந்துக்குள்ளேயே சிறுநீரகத்தின் எதிரி இருந்திருக்கு. 2003இல் சீன அரசே குவான் மூ தொங்கை மருந்துகளில் இருந்து விலக்கியது. பெயர் பழசு, உள்ளே இருந்த செடி புதுசு. அப்ப “ஆயிரம் வருஷ அனுபவம்” ஆருடைய அனுபவம்?

இந்த அமிலத்தின் வேலையை உலகம் கண்டுகொண்டது பெல்ஜியத்தில். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் மெலிய மருந்தெடுத்த பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. ‘ஃபாங் ஜி’ எண்ட பெயரில் ஒரு மூலிகைக்குப் பதிலாக இன்னொன்று கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கு மேல். அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துச் சோதித்தபோது 18 பேருக்குப் புற்றுநோய்.

“நஞ்செண்டால் பழைய வைத்தியர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ?” எண்டு கேட்பார்கள். தெரிந்திருக்காது. குடித்த அண்டே வயிற்றைப் பிரட்டினால் எந்த வைத்தியரும் கண்டுபிடிப்பார். பல வருடம் கழித்து வருகிற புற்றுநோயை இண்டைக்குக் குடித்த கசாயத்தோட ஆர் முடிச்சுப் போடுவது? அதற்குப் பதிவேடு வேணும், ஒப்பீடு வேணும், வருடக்கணக்கான கண்காணிப்பு வேணும். பாரம்பரியத்திடம் இது இருக்கவில்லை. அதில் வெட்கப்பட ஒண்டுமில்லை. இருந்தது எண்டு நடிப்பதுதான் பிழை.

சீன மருத்துவம் எண்டாலே சிரிக்கிற கூட்டத்தோடும் நாங்கள் இல்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் தந்தது ஒரு சீன மூலிகைதான். அதற்காக 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பழைய நூலைக் கும்பிட்டுவிட்டு நிற்கவில்லை, பிரித்தெடுத்தார், சோதித்தார். சலத் தொற்றுக்கான மூலிகைகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கோ எண்டுதான் கேட்கிறம்.

சோதித்தால் என்ன கிடைக்கும் எண்டதும் தெரியும். பல்கேரியாவில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்தார்கள். பாதிப் பேர் நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தரமும் மற்றவர்களுக்கு 3.2 தரமும் தொற்று வந்தது. ஆய்வுக்குக் காசு போட்டது தண்ணீர் விற்கும் கம்பனி, அதையும் மறைக்காமல் சொல்லவேணும். பிரித்தானியாவில் 240 பெண்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், அன்ரிபயோட்டிக் அல்லாத மெதனமின் ஹிப்புரேட், தினசரி அன்ரிபயோட்டிக்குக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தொற்றைத் தடுத்தது. வழி இருக்கு. பெண்களின் எரிவைப் பெரிய நோயாக எடுக்காத மருத்துவ உலகம்தான் அதைத் தேடப் பிந்தியது. அந்த அலட்சியம் விட்ட வெற்றிடத்திலதான் போத்தல் வியாபாரம் நடக்குது.

இதைச் சீனாக்காரரின் பிரச்சினை எண்டு நினைக்கிறவர்களுக்கு ஒண்டு: எங்கட ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம். அதே அமிலம் அதுகளிலும் இருக்கு.

ஆகவே மூலிகை தருகிறவரிடம் கேளுங்கோ: செடியின் முழுப்பெயர் என்ன, எந்தப் பகுதி, ஆர் சோதித்தது, எத்தனை பேரில், அவர்களின் சிறுநீரகத்தைப் பிறகு ஆர் பார்த்தது? காய்ச்சலோ முதுகுப்பக்க நோவோ சேர்ந்தால், அல்லது கர்ப்பமாக இருந்தால், எந்தக் கசாயத்துக்கும் காத்திராமல் டொக்டரிடம் போங்கோ. கேள்வி கேட்டதுக்கு ஒருவர் கோவிச்சால், அவரிடம் மருந்து வாங்கவேண்டாம்.