கையால் செய்த கல்யாணம், யாருடைய கையால்?

கல்யாண வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பெருமைப் பேச்சு கேட்கிறது. "எல்லாம் நாங்களே கையால் செய்தது." ஃபிளெக்ஸ் பேனர் இல்லை, தெர்மாகோல் இல்லை. மேடைக்குப் பின்னால் குருத்தோலைத் தோரணம், அதில் பனையோலைக் கிளிகள். மணப்பெண்ணின் தோழிகள் சுண்ணாம்பும் காவியும் தீட்டிய மண்பானைகள். முறத்தில் எழுதிய வரவேற்பு வாசகம், மூங்கில் கூடையில் பூ, விதைத்தாளில் அச்சடித்த அழைப்பிதழ், பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணியில் தாம்பூலப் பை. வாசலில் பறையாட்டம். எல்லாம் முடிந்த மறுநாளே ரீல்ஸ்.

இதைக் கிண்டல் செய்வதற்காக நான் எழுதவில்லை. மூன்று நாள் வெயிலில் காய்ந்து குப்பைக்குப் போகும் ஃபிளெக்ஸைவிட ஓலைத் தோரணம் மேல். கடன் வாங்கி ஈவென்ட் மேனேஜ்மென்ட்காரரிடம் கொட்டுவதைவிட நான்கு தோழிகள் இரவெல்லாம் உட்கார்ந்து பானைக்கு வண்ணம் தீட்டுவது மேல். கைக்கு ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் "நாங்களே செய்தது" என்ற சொற்றொடரில் இரண்டு கேள்விகள் தொக்கி நிற்கின்றன. அந்தப் பானையைத் தீட்டியது நீங்கள், வனைந்தது யார்? இந்தக் கல்யாணத்தில் உங்களைக் கை வைக்க விட்ட இடங்கள் எவை, விடாத இடங்கள் எவை?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கையால் செய்யும் கல்யாணம் நமக்குப் புதிதல்ல. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை எல்லாக் கல்யாணமும் கையால் செய்ததுதான். அரசாணிப் பானைகளைக் குயவர் வனைந்து, கோலமிட்டுத் தலையில் சுமந்து கொண்டுவந்தார். மணமக்கள் நடந்துவர வண்ணார் நடைபாவாடை விரித்தார், பந்தலுக்கு மேற்கட்டி கட்டினார். கூடையும் முறமும் மூங்கில் பிளப்பவர்களின் வீட்டிலிருந்து வந்தன. கொங்குப் பகுதி வேளாளக் கவுண்டர் திருமணங்களில் மங்கல வாழ்த்துப் பாடுவது யார்? நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவர். 'குடிமகன்' என்று அவருக்குப் பெயர். அந்தச் சடங்கின் சொற்களே அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவர் இல்லாமல் அந்தக் கல்யாணம் நிறையாது.

இத்தனை கைகளும் சேர்ந்து செய்த கல்யாணத்தில் அந்தக் கைகளுக்கு உரியவர்கள் விருந்தாளிகள் அல்ல. வேலை முடிந்ததும் அவர்களுக்குப் படியரிசியும் வேட்டியும் சில்லறையும். சாப்பாடு எல்லாரும் எழுந்த பிறகு, அல்லது புறவாசலில். எந்தக் கை எந்தப் பொருளைத் தொடவேண்டும், எந்தக் கை எந்த இலையைத் தொடக்கூடாது என்று வகுத்து வைத்திருந்த ஏற்பாடு அது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். அதை ஒரே நாளில், ஒரே பந்தலுக்குள் பார்க்க வேண்டுமானால் பழைய கல்யாண வீட்டைப் பார்த்தால் போதும்.

இன்று என்ன மாறியிருக்கிறது? பொருள் முன்வாசலுக்கு, மேடைக்கே வந்துவிட்டது. செய்தவர் இன்னும் வரவில்லை. முறம் சுவரில் தொங்குகிறது, முறம் பின்னியவருக்குப் பேருந்து நிறுத்தத்தில் பேரம் பேசிக் குறைத்த விலை. அதே முறம் வண்ணம் பூசி, 'பாரம்பரிய அலங்காரம்' என்ற பெயரில் நகரத்துக் கடைக்குப் போனால் பேரம் கிடையாது. மணப்பெண்ணின் ரவிக்கையில் மணமக்களின் உருவத்தையே ஆரி வேலையில் இழைக்கிறார்கள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, முதுகு வளைந்து, கண்ணைச் சுருக்கி நாள்கணக்கில் குத்தியவளுக்குத் துண்டுக்கூலி. விலைச்சீட்டில் இருப்பதோ பொட்டிக்கின் பெயர்.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சாவுக்கு அடிப்பதைப் பிறப்பின் கடமையாகச் சுமத்தியபோது, அடிக்க மாட்டோம் என்று மறுத்து ஊர்க்கட்டுப்பாட்டையும் அடி உதையையும் சந்தித்த சேரிகள் இந்த நாட்டில் எத்தனையோ. அந்த மறுப்புக்குப் பிறகுதான், அந்த மறுப்பின் தெம்பில்தான், பறையை விடுதலையின் இசையாக இளைஞர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். அது கல்யாண வாசலுக்கு வருவது நல்லதே. ஆனால் "ஃபோக் டீம் சொல்லியிருக்கோம்" என்று முன்பணம் கொடுத்துவிட்டு, ஆடி முடித்த கலைஞர்களுக்கு மண்டபத்தின் பின்பக்கம் பொட்டலம் கொடுத்து அனுப்பும் கல்யாணங்களை நானே பார்த்திருக்கிறேன். பொட்டலம் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பழக்கம் அப்படி.

இதற்கு நேர்மாறாக எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பத்தமடைப் பாய். மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருவது அங்கே பழைய வழக்கம். 'பெர்சனலைஸ்டு' என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அதைத் தாமிரபரணிக் கரையில் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். கோரைப் புல்லைக் காயவைத்து, ஆற்று நீரில் ஊறவைத்து, நூலிழை போல மெல்லிதாகக் கிழித்து, சாயமேற்றி நெய்கிற வேலை. நெய்கிறவர்கள் லெப்பை முஸ்லிம்கள், பெரும்பாலும் பெண்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் எத்தனையோ இந்து மணமக்கள் தங்கள் பெயரை முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தது ஒரு முஸ்லிம் பெண் நெய்த எழுத்தில்தான். அந்தப் பெண் இந்த இரண்டு பெயர்களையும் எழுத்தெழுத்தாக எண்ணி நெய்கிறார். அவருடைய பெயர் அழைப்பிதழிலும் வராது, நன்றிப் பட்டியலிலும் வராது. பாயின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து நெய்துகொள்ளுங்கள் அக்கா என்று கேட்டு வாங்கும் மணமக்கள் ஒருநாள் வரக்கூடும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கசப்பானது. "எல்லாம் நாங்களே செய்தது" என்ற கல்யாணங்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பானையில் கை வைக்க விடுகிறார்கள், தோரணத்தில் விடுகிறார்கள், ஆரத்தித் தட்டில் விடுகிறார்கள். ஜாதகத்தில் விடுவதில்லை. நாள் நேரத்தில் விடுவதில்லை. மந்திரத்தில் விடுவதில்லை. யாருடைய காலில் யார் விழவேண்டும் என்பதில் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரைக் கட்டிக்கொள்வது என்பதில் விடுவதில்லை. 2011–12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். மீதி எல்லாம் அகமணம். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை. அதைத் தொடாமல் அதைச் சுற்றி எத்தனை கிளி பின்னினாலும் அது சாதிக்குச் செய்யும் அலங்காரம்தான்.

சடங்கையே மணமக்கள் கையில் கொடுத்த இயக்கம் ஒன்று இந்த மண்ணில் நடந்திருக்கிறது. அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் நடத்திவைத்த மணத்திலிருந்து சுயமரியாதைத் திருமண வரலாற்றைச் சொல்வது வழக்கம். புரோகிதர் இல்லை, புரியாத மொழி இல்லை. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. இந்த முறை செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மணந்து பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்கள் ஆனார்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் இயற்றி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, அந்தத் திருமணங்களுக்கும் சேர்த்து உயிர் கொடுத்தது. அந்தப் பிரிவைக் கல்யாணத்துக்குத் தயாராகும் எல்லாரும் ஒருமுறை படிக்கவேண்டும். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் மாற்றலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதோ ஒன்று போதும்.

ஆனால் நம் தோழர்களிடமும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் என்ற பெயரில் நாம் நடத்துவதும் அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிட்டது. மேடையில் பன்னிரண்டு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். மணமக்கள் மாலையும் கழுத்துமாக வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் அச்சடித்த உறுதிமொழியைத் தலைவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, இவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். மந்திரத்தைப் புரியாமல் திருப்பிச் சொன்னார்கள், இதைப் புரிந்து திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய சங்கடம், மேடையில் பெரியார் அம்பேத்கர் படங்கள் இருக்க, இரண்டு குடும்பமும் ஒரே சாதியாக இருப்பது. பேசவந்தவர்களுக்கு அது தெரியும். பன்னிரண்டு பேரில் ஒருவரும் அதைப் பேசுவதில்லை.

உண்மையிலேயே கையால் செய்யவேண்டிய கட்டாயம் யாருக்கு வருகிறது என்றால், சாதியை மீறியவர்களுக்குத்தான். சாதிக் கல்யாணத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு உறவு பிறப்பிலேயே நிர்ணயமாகி நிற்கிறது. மாலை எடுத்துத்தர மச்சான், மெட்டி போட நாத்தனார், சீர் கொண்டுவர மாமன், விளக்குப் பிடிக்கத் தங்கை. சாதியை விட்டு வெளியே வந்த அன்றே இந்தக் கைகள் அத்தனையும் விலகிக்கொள்கின்றன. சில கைகள் அரிவாளோடு திரும்பி வருகின்றன. உடுமலை சங்கரை 2016இல் பட்டப்பகலில் வெட்டியதை நாம் மறக்கவில்லை. எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் இருந்த இருவர் அப்படி மணந்தபோது மேற்படி வேலைகளையெல்லாம் நாங்கள்தான் செய்தோம். அழைப்பிதழ் என்று ஒன்று முன்கூட்டிக் கொடுக்க முடியாது, செய்தி கசியும். ஆகவே மணம் முடிந்த பிறகு கொடுக்க ஒரு அறிவிப்பு மடலைக் கையால் எழுதி நகலெடுத்தோம். ரவிக்கை தைத்தது இயற்பியல் துறைத் தோழி. மெட்டியைப் போட்டுவிட்டது அவளுடைய ஆய்வு நெறியாளர், அவருக்கு அறுபது வயதிருக்கும். அதற்கு முன்பு யாருக்கும் போட்டுவிட்டதில்லையாம், இரண்டு முறை தவறவிட்டார்.

சட்டத்தைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. இருவரும் வேறு வேறு மதம் என்றால் பெரும்பாலும் 1954இன் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே 30 நாள் அறிவிப்பு உண்டு. நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் அந்த ஊர் அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்கள். தேடி வருகிறவர்களுக்கு அரசே முகவரி கொடுப்பதுபோல. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது, அதை யாரும் பயன்படுத்திப் பார்த்து நான் அறிந்ததில்லை. திருமண அலுவலரும் மூன்று சாட்சிகளும் முன்னிருக்க, ஏற்கிறேன் என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். மற்றபடி மணமக்கள் விரும்பிய எந்த வடிவத்திலும் நடத்திக்கொள்ளலாம். இருவரும் இந்து என்றால் 7ஏ பிரிவின்படி மணந்து பதிவு செய்யலாம், அந்த முப்பது நாள் ஆபத்து இல்லை. வழக்குரைஞர் அலுவலகத்தில் மறைவாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொல்லியிருந்ததையும் 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது. உயிருக்கு அச்சத்தோடு மணப்பவர்கள் ஊரைக் கூட்டித்தான் மணக்கவேண்டும் என்று கேட்க முடியாது என்பதை அது ஏற்றுக்கொண்டது.

ஆபத்து அந்த அளவுக்கு இல்லாத, இரண்டு வீடும் முனகிக்கொண்டே சம்மதித்துவிட்ட சாதி மறுப்புத் திருமணங்களில்தான் கற்பனைக்கு நிறைய வேலை இருக்கிறது. அங்கே சாதி சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். "சைவமாகவே வைத்துவிடலாம், பொதுவாக இருக்கும்" என்பார்கள். யாருக்குப் பொது? மாப்பிள்ளையின் சேரியில் கல்யாணமென்றால் மாட்டுக்கறி மணக்கும். மருமகளின் வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று முதலில் காணாமல்போவது அந்த அண்டாதான். கைத்தாள் அழைப்பிதழில் ஒரு பக்கம் தாத்தா, பெரியப்பா என்று பட்டங்களோடு வரிசை, இன்னொரு பக்கம் பெற்றோர் பெயர் மட்டும், ஊர்ப்பெயர் இருக்கும், தெருப்பெயர் இருக்காது. வரவேற்பில் நிற்பது ஒரு வீட்டார், பின்கட்டில் பரிமாறுவது இன்னொரு வீட்டார். கை வைக்கவேண்டிய இடங்கள் இவை. மாப்பிள்ளையின் அத்தை சமைக்கும் குழம்பு முதல் பந்தியிலேயே இலைக்கு வரட்டும். மணப்பெண்ணின் பெரியப்பா அதே பந்தியில் உட்காருவாரா மாட்டாரா என்பது அன்றே தெரிந்துவிடும், தெரிந்துகொள்வது நல்லது. பறையடித்தவர்களுக்கு அந்தப் பந்தியிலேயே இலை போடுங்கள். பானை வாங்கும் இடத்தில் பேரம் பேசாதீர்கள், வனைந்தவரைக் குடும்பத்தோடு அழையுங்கள். வந்தால் முன்வரிசை நாற்காலி.

போன வாரம் ஒரு தோழர் அலைபேசியில் அழைத்து, தன் திருமணத்துக்கு ஒரு நல்ல உறுதிமொழி எழுதித் தரும்படி கேட்டார். ஆராய்ச்சி செய்கிறவள் என்பதால் எனக்கு நன்றாக எழுதவரும் என்று நினைத்திருக்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள், யார் சமைப்பது, யார் சம்பளம் யார் கையில், எந்த ஊர்க் கோயில் கொடைக்கு வரி கொடுப்பதில்லை, சம்பந்தி வீட்டில் சாதி பேசினால் யார் முதலில் எழுந்து வெளியே வருவது, எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் திருத்தித் தருகிறேன் என்றேன். நேற்று இரவு முதல் படி வந்தது. சம்பளம் பற்றிய வரியை யாரோ அடித்து, யாரோ மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறார்கள்.