முப்பது நாளை மறைக்கும் சொல்

சட்டம் பயிலப் போகும் மாணவர்களுக்கென்று தமிழில் வெளிவரும் சொல் விளக்கக் கையேடுகளைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. இவற்றைத் தொகுப்பவர்கள் சட்டம் அறிந்தவர்களா, தமிழ் அறிந்தவர்களா, அல்லது இரண்டையும் அகராதி வழியாக மட்டும் அறிந்தவர்களா? இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், நடுவில் ஒரு சமன்குறி. அந்தச் சொல் நீதிமன்றத்தில் என்ன வேலை செய்கிறது, யார் தலையில் போய் விழுகிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

'எக்ஸ்பார்ட்டி' என்பதை எடுத்துக்கொள்வோம். 'ஒருதலைப்பட்சமான தீர்ப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். தமிழில் ஒருதலைப்பட்சம் என்றால் ஓரவஞ்சனை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வதோ முற்றிலும் வேறு. அழைப்பாணை அனுப்பியும் பிரதிவாதி வரவில்லை. ஆகவே வாதி தரப்பை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கியது. அவ்வளவுதான். நீதிபதி எப்பக்கமும் சாயவில்லை.

சேவூரில் நான்கு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டும் ஒருவர், தறி வாங்கியபோது எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்காக அவிநாசி நீதிமன்றத்தில் வழக்கில் சிக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாவு தீரும் நேரம், வாய்தாவுக்குப் போகவில்லை. 'ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது' என்று யாரோ வந்து சொல்கிறார்கள். அவர் என்ன நினைப்பார்? பணக்காரன் பக்கம் நீதிமன்றம் சாய்ந்துவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று தறியைப் பார்க்கத் திரும்பிவிடுவார். ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதியின்படி, வர இயலாமற்போனதற்குத் தக்க காரணம் காட்டி, அத்தீர்ப்பாணையை நீக்கும்படி அவர் மனுச் செய்யலாம். தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் கெடு. அழைப்பாணையே முறையாகச் சேரவில்லையென்றால், தீர்ப்பாணை பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். 'எதிர்த்தரப்பு வராத தீர்ப்பு' என்று சொல்லியிருந்தால், 'வந்து சொல்ல இடமுண்டா?' என்று கேட்கவாவது அவருக்குத் தோன்றியிருக்கும். நிறைவேற்று மனு போட்டு அமீனா வாசலில் வந்து நிற்கும்போது அந்த 30 நாள் என்றோ கழிந்திருக்கும்.

குற்றவியல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். குற்றஞ்சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழ் 'எதிரி' என்கிறது. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. எதிரே நிற்பவர் என்ற பொருளில் வந்தது என்று சமாதானம் சொல்வார்கள். சொற்பிறப்பு சரியாகவே இருக்கட்டும். இன்று அச்சொல்லைக் கேட்பவன் காதில் என்ன விழுகிறது? யாருக்கு எதிரி? குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற அடிப்படையை முதல் வகுப்பில் கற்பித்துவிட்டு, அதே வகுப்பில் இச்சொல்லையும் கற்பிப்பது என்ன நியாயம்?

'விடுதலை' படும் பாடோ தனி. பிணையில் வெளிவந்தாலும் விடுதலை, குற்றச்சாட்டு வனைய முகாந்திரமில்லை என்று தொடக்கத்திலேயே விடுவிக்கப்பட்டாலும் விடுதலை, முழு விசாரணைக்குப் பின் குற்றவாளி அல்லர் என்று தீர்ந்தாலும் விடுதலை, தண்டனை முடிந்து சிறைவாசலைத் தாண்டினாலும் விடுதலை. முதலாமவர் மீதான வழக்கு உயிரோடு இருக்கிறது. மூன்றாமவரை, மேல்முறையீடு ஒன்றைத் தவிர, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. 'விடுவிப்பு', 'பிணை' என்ற சொற்கள் கைவசம் இருக்கும்போதே இந்தக் குழப்பம்.

இதைக் காட்டியே, சட்டத்துக்குத் தமிழ் சரிப்படாது என்போர் உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862இலேயே அச்சிட்டுவிட்டார். சிலப்பதிகாரத்துக் காதையின் தலைப்பில் உள்ள 'வழக்குரை' இன்று வாதி தாக்கல் செய்யும் ஆவணத்தின் பெயர். 'ஆட்கொணர்வு மனு' என்றால் விளக்கவுரை தேவையில்லை. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்பது சொல்லிலேயே இருக்கிறது. அப்படி ஆக்கத் தெரிந்த மொழிதான் இது.

தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாய்தா, ஜாமீன், ஜப்தி, வக்காலத்து எல்லாம் ஊரில் புழங்கும் சொற்கள். அவற்றோடு நமக்குச் சண்டையில்லை. (வாய்தாவின் அரபு மூலத்துக்கு வாக்குறுதி என்று பொருளாம். பத்து வருடம் வாய்தாவுக்கு அலைந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) ஜப்தி என்றால் சேவூரில் எவருக்கும் விளங்கும். விளங்கும் சொல்லைத் துரத்துவதில் காட்டும் ஊக்கத்தை, தவறாக விளங்கும் சொல்லைத் திருத்துவதில் ஏன் காட்டுவதில்லை?

உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006இல் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அக்கோரிக்கையில் நாம் உறுதியாகவே நிற்கிறோம். ஆயின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய 1976ஆம் ஆண்டுத் திருத்தமே வழிசெய்துவிட்டது. அவிநாசிக்கு டெல்லியின் இசைவு தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறிவிட்டன. 420 இப்போது 318. எப்படியும் கையேடுகளைத் திருத்தி அச்சிட்டாக வேண்டும். அச்சுக்குப் போகுமுன், 'எக்ஸ்பார்ட்டி' என்ற சொல்லுக்கு எதிரே, பொருள் என்னவோ எழுதிக்கொள்ளுங்கள், கூடவே '30 நாள்' என்பதையும் சேர்த்துவிடுங்கள்.