உருளையை விடுங்க, சிறுகிழங்கை உரிங்க

மாடித்தோட்டம் போடுகிற நண்பர்கள் வருஷம் தவறாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், வீட்டுல உருளைக்கிழங்கு முளைவிட்டுக் கிடக்கு, தொட்டியில வைக்கலாமா?" தாராளமாக வைக்கலாம். செடி நன்றாகவே வரும், கிழங்குதான் கோலிக்குண்டு அளவைத் தாண்டாது. உருளைக்கு இரவுக் குளிர் வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் மண்ணுக்குள் ஒழுங்காகக் கிழங்கு பிடிக்கும். ஊட்டியில் அது நடக்கும், தாமிரபரணிக் கரையில் மார்கழி இரவில்கூட அந்தக் குளிர் அபூர்வம்.

உருளை மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. சொதியில் அது இல்லாவிட்டால் இலையில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். ஆனால் புறவாசலில் தோண்டி, மண் காயுமுன்னே அடுப்பில் ஏற்றுகிற கிழங்கு என்றால் எங்கள் சீமையில் அது சிறுகிழங்குதான். மலையாளத்தில் கூர்க்கா என்பார்கள். இதை 'நாட்டுக்கிழங்கு' என்று பெருமையடிக்கிற நம் ஆட்களுக்கு ஒரு தகவல்: உருளை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது, சிறுகிழங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இரண்டும் வந்து சேர்ந்தவைதான். நம் வெயிலுக்கும் செம்மண்ணுக்கும் ஒத்துப்போனது சிறுகிழங்கு. துளசி, கற்பூரவல்லி குடும்பத்துச் செடி என்பது இலையைக் கசக்கினாலே தெரியும். வெந்த கிழங்கில் வருகிற அந்தத் தனி மணம் உருளைக்குக் கிடையாது.

தென்காசி, கடையம், பாவூர்சத்திரம் பக்கம் இது பெரிய வெள்ளாமை. ஆனால் விளைகிறதில் பெரும்பகுதி புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. நம் ஊரில் பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கோடு அரைக்கிலோ வாங்குவார்கள். அதோடு சரி, அடுத்த பொங்கல்தான். வங்கியில் இருந்த காலத்தில், ஒரே ஆளிடம் மட்டும் சரக்கு விற்கிற தொழிலுக்குக் கடன் கொடுக்கிறதென்றால் நாங்கள் இரண்டு தடவை யோசிப்போம். அந்த ஆள் ஒரு மாதம் வாங்கவில்லை என்றால் தொழில் படுத்துவிடும். சிறுகிழங்குக்காரன் நிலைமையும் அதேதான். மலைக்கு அந்தப்பக்கம் வெள்ளம், கடையடைப்பு என்றால் இந்தப்பக்கம் மூட்டை தேங்குகிறது. உள்ளூர் அடுப்பில் இது வேகாதவரைக்கும் விலை நம் கைக்கு வராது.

ஏன் வேகவில்லை? ருசி பிடிக்காமல் இல்லை, உரிக்க முடியாமல்தான். சுண்டுவிரல் நீளக் கிழங்கை ஒவ்வொன்றாகச் சுரண்டினால் ஒரு குழம்புக்கு ஒரு மணி நேரம் ஆகும். விரலெல்லாம் கறை பிடித்துக் கறுத்துவிடும், இரண்டு மூன்று நாளைக்குப் போகாது. இந்த வேலை முழுக்கப் பொம்பளைகள் தலையில் விழுந்தது. அவர்களும் வேலைக்குப் போகிற காலத்தில், 'இந்தக் கிழங்கே வேண்டாம்' என்று விட்டார்கள். அதில் என்ன தப்பு? பாரம்பரிய உணவு, பாரம்பரிய உணவு என்று மேடையில் பேசுகிற நாம்தான் கத்தியை எடுக்க வேண்டும். என் வீட்டம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "நீங்க உரிச்சுத் தந்தா, நான் ஆக்கித் தாரேன்." எங்கள் வீட்டில் இப்போது அதுதான் சட்டம்.

உரிக்கிறதும் அவ்வளவு பெரிய கம்பசூத்திரம் இல்லை. தோண்டிய கிழங்கை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள், மண் கழன்றுவிடும். பிறகு ஈரத்தோடு ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் புரட்டிப் புரட்டித் தேயுங்கள். பாதிக்கு மேல் தோல் போய்விடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்டலாம். கையில் முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாக ஏறாது. உரித்ததை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும். தோட்டத்துக் கிழங்கில் இருக்கிற பெரிய வசதி இங்கேதான். அன்று தோண்டியது என்றால் தோல் இளசாக இருக்கும், தேய்த்தாலே வரும். கடையில் நாலு நாள் காய்ந்தது சதையோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

சமையலில் எனக்குப் பிடித்தது பொரியல். சின்னதை முழுசாகவும் பெரியதை இரண்டாகவும் போட்டு, மஞ்சள், உப்போடு திட்டமான தண்ணீரில் வேகவைக்க வேண்டும். குக்கரில் நாலைந்து விசில் விட்டால் களியாகிவிடும், சட்டிதான் நல்லது. தேங்காய், சீரகம், மிளகாய்வத்தல், இரண்டு சின்ன உள்ளி வைத்துக் கரகரப்பாக அரைத்துப் போட்டுத் தண்ணீர் வற்றப் பிரட்டி, தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்து, கருவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. ரசஞ்சோற்றுக்கு இதைவிடத் துணை கிடையாது. புளிக்குழம்பிலும் போடலாம், காரத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பொங்கலன்று மிஞ்சிய கறிகளையெல்லாம் மறுநாள் சுண்டவைக்கிற பழங்கறியில் முதலில் தீர்ந்துபோவது சிறுகிழங்குத் துண்டுதான்.

உரிக்கச் சோம்பல் என்றால் தோலோடு உப்புப் போட்டு அவித்து, சூட்டோடு பிதுக்கிச் சாப்பிடுங்கள். தோட்டத்தில் கிழங்கு தோண்டுகிற அன்று எங்களுக்கு அதுதான் பலகாரம். அவித்த பிறகு உரித்துப் பொரியல் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் மணம் ஒரு படி குறைவாகத் தெரிகிறது.

இந்த வருஷம் இரண்டு பாத்தியாவது போட்டுப் பாருங்கள். விதைக்கிழங்கை ஆனி, ஆடியில் நாற்றங்காலில் ஊன்றி, கொடி ஓடியதும் நுனியை ஒரு சாண் நறுக்கி நட்டால் மார்கழி, தையில் தோண்டலாம். நம்மை ஆட்டிவைப்பது வேர்முடிச்சு நூற்புழு. கிழங்கு முண்டுமுண்டாகப் போய், வைத்திருந்தால் அழுகும். போன வருஷம் போட்ட அதே பாத்தியில் போடாதீர்கள். திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவுக்குப் பொறிப்பயிராகச் சொல்வது 'ஸ்ரீபத்ரா' என்கிற சீனிக்கிழங்கு ரகம். முதலில் அதைப் போட்டு எடுத்துவிட்டு, பிறகு சிறுகிழங்குக் கொடியை நடலாம். மருந்துச் செலவு இல்லை, சீனிக்கிழங்கும் கிடைக்கும்.

எங்கள் வீடு சைவம் என்பதால் கருவாட்டோடு இதை ஆக்குகிற பக்குவம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் கிழங்கு உரிக்கிறது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.