பாட்டில் புரட்சி... கணக்கில்?

2025 ஜூன் மாதம் ஹெல்சிங் என்ற ஜெர்மன் கம்பெனிக்கு 60 கோடி யூரோ முதலீடு கிடைத்தது. பிசினஸ் பக்கத்தில் ஒரு மூலையில் வந்துவிட்டுப் போகவேண்டிய செய்தி. ஆனால் தீ பற்றியது ராக் மியூசிக் வட்டாரத்தில்!

காரணம் இருக்கிறது. ஹெல்சிங் செய்வது போருக்கான செயற்கை நுண்ணறிவு மென்பொருள், தாக்குதல் டிரோன்கள். முதலீட்டுக்கு முன்னால் நின்றது ப்ரைமா மெட்டீரியா என்ற நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டேனியல் எக். ஹெல்சிங்கின் சேர்மனும் அவரே. அதே டேனியல் எக்தான் ஸ்பாட்டிஃபையை ஆரம்பித்தவர், அன்றைக்கு அதன் சி.இ.ஓ.வும்கூட.

ஜூன் கடைசியில் டீர்ஹூஃப் பெட்டியைக் கட்டியது. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பேண்ட். ஏப்ரலில்தான் 'நோபிள் அண்ட் காட்லைக் இன் ருயின்' என்று புது ஆல்பம் போட்டிருந்தார்கள். புது ஆல்பம் வந்த சூட்டோடு சூடாக, எங்கள் பாட்டையெல்லாம் ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுக்கிறோம் என்று அறிவிக்க எந்த மார்க்கெட்டிங் வாத்தியாரும் சொல்லித்தரமாட்டார். அடுத்து ஷூ ஷூ. ஜூலையில் ஆஸ்திரேலியாவின் கிங் கிஸர்ட் அண்ட் த லிஸர்ட் விஸர்ட் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!). இவர்களும் ஜூனில்தான் ஆர்கெஸ்ட்ரா எல்லாம் வைத்து 'ஃபேன்டம் ஐலண்ட்' வெளியிட்டிருந்தார்கள். 27-வது ஆல்பம்! செப்டம்பரில் பிரிஸ்டலின் மாஸிவ் அட்டாக்.

அரசியல் பேசுகிற ராக் ஒன்றும் புதுசு இல்லையே என்று கேட்கலாம். வாஸ்தவம். 2004 செப்டம்பரில் கிரீன் டே 'அமெரிக்கன் இடியட்' போட்டது. புஷ் ஆட்சி மேலும், ஈராக் போரை டிவியில் காட்டிய விதத்தின் மேலும் கோபம் கொப்பளித்த ஆல்பம். அருமையான ஆல்பம், அதில் சந்தேகமே இல்லை. நவம்பரில் புஷ் மறுபடி ஜெயித்தார். ஆல்பமும் ஜெயித்தது, 2005-இல் கிராமி விருது. வெளியிட்டது ரிப்ரைஸ், அதாவது வார்னர் மியூசிக். அதே 2004-இல்தான் டைம் வார்னரிடமிருந்து வார்னர் மியூசிக்கை ஒரு முதலீட்டுக் கும்பல் வாங்கியிருந்தது. அவர்கள் கணக்கில் அந்தக் கோபம் என்ன? ஸ்டாக். ஷெல்ஃபில் அடுக்கி விற்கிற சரக்கு. புஷ் ஜெயித்தாலும் தோற்றாலும் லாபம் வரும் சரக்கு!

இதற்காக கிரீன் டேவைத் திட்டவேண்டியதில்லை. ஆனால் அந்த ஆல்பத்தில் எவ்வளவு கோபம் இருந்தாலும் வரவுப் பக்கத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. 2025-இல் இந்த பேண்டுகள் செய்தது வேறு வகை. புதுப் பாட்டு எதுவும் எழுதவில்லை, கோஷம் போடவில்லை. லெட்ஜரில் ஒரு வரியை அடித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

"அட, ஸ்பாட்டிஃபையில் அவர்களுக்கு வருவதே சில்லறைதானே, இது ஒரு தியாகமா?" என்று ஒரு நக்கல் உண்டு. டீர்ஹூஃப் இதை மறைக்கவில்லை, கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் வருவதுதான் அதிகம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஏன் சில்லறை என்பதும் தெரிந்ததுதான். நீங்கள் மாதாமாதம் கட்டும் சந்தா நீங்கள் கேட்ட பேண்டுக்கு நேராகப் போவதில்லை. எல்லாம் ஒரே உண்டியலில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கு என்று பிரிக்கப்படுகிறது. 2024-லிருந்து வருஷத்துக்கு ஆயிரம் முறைகூட ஓடாத பாட்டுக்கு அந்தப் பங்கும் கிடையாது.

ஆனால் நக்கல் அடிப்பவர்கள் கூட்டலைத் தப்பாகப் போடுகிறார்கள். நஷ்டம் ராயல்டியில் இல்லை. எங்கோ ஒரு ஊரில் பதினேழு வயதுப் பையன் வேறு ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்ததாகத் தானாக வந்து காதில் விழும் வாய்ப்பு போய்விடுகிறது. அவன் டிக்கெட் வாங்கியிருப்பான், டி-ஷர்ட் வாங்கியிருப்பான். இந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

இன்னொன்று, எல்லோராலும் வெளியேறிவிட முடியாது. கிங் கிஸர்ட் பாட்டுகளை வெளியிடுவது அவர்களுடைய சொந்த லேபிள். 2017-இல் ஒரே வருஷத்தில் ஐந்து ஆல்பம் போட்டு, அதில் 'பாலிகோண்ட்வானாலேண்ட்' ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் ரெக்கார்டாக அச்சடித்து விற்றுக்கொள்ளலாம் என்று தூக்கிக் கொடுத்த ஆசாமிகள்! மாஸிவ் அட்டாக் இருப்பதோ யூனிவர்சலிடம். அவர்கள் லேபிளிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது. அவ்வளவு பெரிய பேரே கேட்க வேண்டியிருந்தால், நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாலு பசங்களின் கொள்கையைப் பற்றி யார் என்ன சொல்ல? வெளியேறாதவர்களை எல்லாம் துரோகி என்று வசை பாடும் ரசிகர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

ஸ்பாட்டிஃபை என்ன சொன்னது? ஸ்பாட்டிஃபை வேறு, ஹெல்சிங் வேறு, இரண்டும் தனித்தனி கம்பெனி. பி.காம் முதல் வருஷப் பாடம்: கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு. சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எக்கின் சொத்து பெரும்பாலும் எந்தப் பங்கின் மதிப்பில் வளர்ந்தது? 2024-இல்தான் ஸ்பாட்டிஃபை முதல் முறையாக முழு வருஷ லாபம் காட்டியது, 113 கோடி யூரோவுக்கு மேல். பாட்டு இல்லாவிட்டால் அந்தப் பங்குச் சான்றிதழ் வெறும் காகிதம்.

ஸ்பாட்டிஃபை சொன்ன இன்னொரு பதிலை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஹெல்சிங்கின் வேலை உக்ரைனில் ஐரோப்பா தன்னைக் காத்துக்கொள்வதற்கு, காஸாவில் அதற்குத் தொடர்பில்லை என்றார்கள். கீவ் நகரத்தில் பங்கருக்குள் உட்கார்ந்து டீர்ஹூஃப் கேட்கும் ஒருவர், "எங்களைக் காப்பாற்றும் டிரோனிலா உங்களுக்குக் கோபம்?" என்று கேட்டால்? நியாயமான கேள்வி. ஆயுதமே கூடாது என்பவர்களிடம் ஒரு பதில் உண்டு. இந்த ஆயுதம் மட்டும் கூடாது என்பவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெளியேறிய பேண்டுகளின் அறிக்கைகளில் இந்த இடம் பலவீனம்தான்.

திரும்பி வந்தவரும் உண்டு. கோவிட் பற்றித் தப்பான தகவல் பரப்பும் ஜோ ரோகன் நிகழ்ச்சியை எதிர்த்து 2022 ஜனவரியில் நீல் யங் வெளியேறினார். 2024 மார்ச்சில் திரும்பிவிட்டார். ரோகன் மனம் மாறியதால் அல்ல! அதே நிகழ்ச்சி ஆப்பிள், அமேசான் எல்லா இடத்திலும் வர ஆரம்பித்துவிட்டது. எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு என்றால் எந்தக் கடையைப் புறக்கணிப்பது, பாவம்.

கிங் கிஸர்ட் மொத்த ஆல்பங்களையும் பேண்ட்கேம்ப்பில் 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று வைத்தார்கள். பூஜ்யம் என்று அடித்தாலும் பாட்டு கிடைத்தது. (பேண்ட்கேம்ப் மட்டும் புண்ணியஸ்தலமா? 2022-இல் எபிக் கேம்ஸ் கைக்கு, 2023-இல் சாங்ட்ராடர் கைக்கு. கை மாறியபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது.) இங்கே இப்படி இருக்க, ஸ்பாட்டிஃபையில் அவர்கள் விட்டுப்போன நாற்காலி காலியாக இல்லை. 2025 டிசம்பரில் 'கிங் லிஸர்ட் விஸர்ட்' என்ற பெயரில், அதே பாட்டுத் தலைப்புகளோடு, செயற்கை நுண்ணறிவு போட்ட நகல் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. விஷயம் வெளியில் வந்த பிறகு தூக்கினார்கள்.