எல்லாப் பாடத்துக்கும் ஒரே பத்தி

மதிப்பிற்குரிய அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். பாடநூல், பயிற்சி, காலிப் பணியிடம் பற்றியெல்லாம் கேட்க வேறு அதிகாரிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு எழுதக் காரணம், எங்கள் வகுப்பறையில் எது நடக்கும், எது நடக்காது என்பதைப் பத்தாம் வகுப்பு வினாத்தாள்தான் முடிவு செய்கிறது. அது உங்கள் கையில் இருக்கிறது.

தேர்வு நெருங்கும் மாதங்களில் எங்கள் பிள்ளைகளிடம் பாடநூலைப் பார்ப்பது அரிது. 'மினிமம் மெட்டீரியல்' என்று சொல்லப்படும் ஜெராக்ஸ் தாள்கள்தான் இருக்கும். அதில் 'காமன் பாராகிராஃப்' என்று ஒன்று உண்டு. எந்தப் பாடத்திலிருந்து கேட்டாலும் அதையே எழுதலாம். பாடத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் வரும் இடங்களில் மட்டும் கோடு போட்டு விட்டிருப்பார்கள். பாடம் அருமையானது, ஆசிரியர் கருத்தை அழகாக விளக்கியிருக்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது என்ற பாணியில் ஐந்தாறு வாக்கியங்கள். கதையில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டியதே இல்லை. செய்யுளுக்கும் இதேதான், 'லெசன்' என்ற இடத்தில் 'போயம்' என்று மாற்றினால் போதும். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இரக்கப்பட்டு ஏதோ ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவோம்.

கடிதம் எழுதும் கேள்வியும் இப்படித்தான். விடைத்தாளில் சொந்தப் பெயர் வரக்கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று எழுதப் பழக்குகிறோம். அந்த விதியில் தப்பில்லை. ஆனால் கடிதத்தின் உள்ளே இருப்பதும் எக்ஸ் எக்ஸ் எக்ஸாகவே ஆகிவிட்டது. தெருவில் குப்பை, குடிநீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, எதைக் கேட்டாலும் கைடில் உள்ள அதே நான்கு வரிதான். தன் தெருவில் உண்மையாகவே மூன்று நாளாகத் தண்ணீர் வராத பிள்ளையும் அதையே எழுதுகிறது. வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்விக்கும் 'கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட்' என்று படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள்.

இலக்கணக் கேள்விகளுக்கு வருகிறேன். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு, தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்கு. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். என் வகுப்பில் ஒரு பெண் இந்த மாற்றங்களைத் தவறே இல்லாமல் செய்வாள். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றி, நடுவில் 'வாஸ்' போட்டு, கடைசியில் 'பை' சேர்க்கும் கணக்கு அவளுக்கு அத்துப்படி. அதே பெண்ணிடம் அவள் வீட்டுச் சைக்கிள் திருடு போனதைப் பற்றி எழுதச் சொன்னேன். 'மை சைக்கிள் ஸ்டோல்' என்று தொடங்கினாள். தேவைப்பட்ட இடத்தில் செயப்பாட்டு வினை அவளுக்குக் கைகொடுக்கவில்லை. இலக்கணம் அவளுக்கு ஒரு கேள்வி எண்ணோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிள்ளைகளின் தவறுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை கண்டபடி வருவதில்லை. 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதும் பையன் தன் தமிழை ஒழுங்காகப் பின்பற்றுகிறான். 'என் அப்பா விவசாயி' என்பதில் நாம் வினை வைப்பதில்லை. 'ஹி டோல்ட் தட் ஐ ஆம் கமிங்' என்பதும் அப்படியே. 'நான் வருகிறேன் என்று சொன்னான்' என்று அவன் வாய்ச்சொல்லை அப்படியே வைத்து 'என்று' போட்டு முடிப்பது நம் வழக்கம். வினாத்தாளுக்காக நாங்கள் நடத்தும் அயற்கூற்றுப் பாடத்திலோ 'நவ்' வந்தால் 'தென்', 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே' என்ற அட்டவணைதான் இருக்கிறது. 'என்று' பற்றிப் பேச்சே இல்லை.

மறுபக்கம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் நாம் பயன்படுத்துவதில்லை. வந்தான், வந்தாள், வந்தது என்று எழுவாய்க்குத் தக்கபடி வினையை மாற்றுவது நம் பிள்ளைகளுக்குப் பேசத் தொடங்கியதிலிருந்து வரும். ஆங்கிலம் நிகழ்காலத்தில் 'ஹி', 'ஷி', 'இட்'டுக்கு ஒரே ஒரு 'எஸ்' சேர்க்கச் சொல்வது அதன் எதிரில் சின்ன வேலை. தமிழையும் அருகில் வைத்துச் சொன்னால் இந்த ஒன்றாவது ஒரே பீரியடில் புரிந்துவிடுகிறது. கை பழகத்தான் மாதங்கள் ஆகும்.

இலக்கணத்தைத் தனியாக நடத்தினால் எழுத்து வளராது என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் பிராடாக்கும் உடனிருந்தவர்களும் 1963-இல் வெளியிட்ட அறிக்கையே அதைச் சொல்லிவிட்டது. 2007-இல் ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்கும் பயிற்சி எழுத்தை வளர்ப்பதும், தனி இலக்கண வகுப்பு அப்படிச் செய்யாததும் தெரிந்தது. அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி, நம் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. அதனால் இலக்கணமே வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. எங்கே வைத்து நடத்துவது என்பதுதான் என் கேள்வி.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை ஆகிய ஊர்களின் பள்ளிகளில் இலக்கணப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காணும் வேலைகளாகவே ஆங்கில வகுப்பை நடத்திக் காட்டினார். அவர் 1987-இல் எழுதிய புத்தகத்தை உலகெங்கும் ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் படிக்கிறார்கள். நாம் அதே வரைபடத்தை வினாத்தாளில் வைத்து, அதற்கும் ஒரு மனப்பாட விடை தயாரித்துவிட்டோம்.

நான் கேட்பது பெரிதல்ல. மனப்பாடச் செய்யுளை எடுக்க வேண்டாம். ஒரு செய்யுள் வாயில் தங்குவது நல்லதே, திணறும் பிள்ளைக்கு அந்த ஐந்து மதிப்பெண் ஒரு பிடிமானம். மாற்ற வேண்டியது பத்திக் கேள்விகளில் ஒன்றும் இலக்கண மாற்றக் கேள்விகளும்தான். பத்திக்குப் பதில், கைடில் இருக்க முடியாத கேள்வி ஒன்று வரட்டும்: உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் செய்யும் வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள், நீங்கள் பள்ளிக்கு வரும் வழியில் ஒரு மாற்றம் கேட்டு எழுதுங்கள் என்பது போல. மாற்றக் கேள்விகளுக்குப் பதில், நான்கைந்து துண்டு வாக்கியங்களைக் கொடுத்து இணைக்கச் சொல்லலாம். 'வீ ஹேவ் எ கோட். இட்ஸ் நேம் இஸ் லட்சுமி. இட் ஏட் மை நோட்புக்.' இந்த மூன்றையும் என் மாணவன் ஒருவன் 'அவர் கோட் லட்சுமி ஏட் மை நோட்புக்' என்று ஒன்றாக்கினான். வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சொன்ன காரணம் என்பது வேறு விஷயம். வாக்கியம் நல்ல வாக்கியம்.

திருத்துவது கஷ்டம், ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும் என்பார்கள். நியாயமான கவலைதான். முகாமின் முதல் நாள் காலையில் நான்கு மாதிரி விடைகளை எல்லோருக்கும் கொடுத்து, எதற்கு எத்தனை என்று பேசி முடித்த பிறகு கட்டுகளைப் பிரிக்கலாம். ஐந்தில் மூன்று, சொல்ல வந்தது புரிகிறதா என்பதற்கு, இரண்டு மொழிக்கு. பிழையோடு சொந்தமாக நான்கு வரி எழுதிய பிள்ளை, பிழையில்லாத காமன் பாராகிராஃப் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும். இதைத் திருத்தும் குறிப்பில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முப்பத்தைந்து வாங்காமல் போய்விடுவார்களோ, தேர்ச்சி விகிதம் விழுந்து மீட்டிங்கில் நிற்க வேண்டுமோ என்ற பயம் எங்களில் பலருக்குக் குறைய அது ஒன்றே வழி. அந்தப் பயம் இருக்கும்வரை எந்தத் தலைமை ஆசிரியரும் ஜெராக்ஸ் தாளைக் கைவிடச் சம்மதிக்க மாட்டார்.

இந்த மாற்றம் வந்துவிட்டால் வகுப்பறை வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளை என்றால் எல்லா நோட்டிலும் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுவது நடக்கிற காரியமல்ல. நடந்தாலும் பிள்ளை அதைப் படிக்காது. ஒரு வாரம் விட்டுப்போன 'இஸ்', 'வாஸ்' மட்டும், அடுத்த வாரம் இறந்தகாலம் மட்டும் என்று எடுத்து, அவர்கள் எழுதியதையே பலகையில் போட்டு, எல்லோருமாகத் திருத்தி, மறுபடி எழுத வைக்கலாம். இன்று அப்படி ஒரு பீரியட் எடுத்தால், 'இது பரீட்சைக்கு வருமா சார்?' என்று முதல் பெஞ்சிலிருந்தே கேட்கிறார்கள்.

மாற்றம் செய்வதாக இருந்தால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே மாதிரி வினாத்தாளை அனுப்பிவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்தால் அதற்கும் ஒரு மினிமம் மெட்டீரியல் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்