அறிக்கை சொன்னால் போதுமா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது ஒரு நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்குச் சென்றேன். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்த இணையச் சேவையகங்களைப் பாதுகாப்பு மென்பொருளால் சோதித்து, அறிக்கையில் வரும் குறைகளுக்குத் தீர்வு எழுதுவது என் பணி.

‘ஆப்ஷன்ஸ், டிரேஸ், புட், டெலிட் ஆகிய எச்டிடிபி முறைகள் திறந்துள்ளன’ என்றது அறிக்கை. உலாவி சேவையகத்துக்கு அனுப்பும் கட்டளைகள் இவை. பக்கத்தைக் கேட்க கெட், படிவத்தை அனுப்ப போஸ்ட் இருந்தால் போதும் என நினைத்தேன். “மற்ற அனைத்தையும் தடுக்கலாம்” என்று எழுதினேன். அப்படியே தடுத்தார்கள்.

மறுநாள் காலை வாடிக்கையாளர்களால் முன்பதிவு செய்ய முடியவில்லை. முன்பதிவுப் பக்கம் ஒரு முகவரியிலும் தரவுச் சேவை வேறு முகவரியிலும் இருந்தன. அத்தகைய தளங்களில் உலாவி பல நேரங்களில் ஆப்ஷன்ஸ் மூலம் முதலில் அனுமதி கேட்கும். அந்தக் கேள்வியையே நான் அடைத்துவிட்டேன்.

“சோதித்துப் பார்த்தீர்களா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டிரேஸ், வந்த கோரிக்கையை அப்படியே திருப்பி அனுப்பும். அதைக் கொண்டு குக்கியைத் திருடலாம் என 2003ல் சுட்டிக்காட்டப்பட்டது. இன்றைய உலாவிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் எங்களுக்கு அது தேவையில்லை; மூடினோம். நிறுவனத்தின் அறிமுகத் தளத்தில் புட், டெலிட் இரண்டும் பட்டியலில் மட்டுமே இருந்தன. சோதனைச் சேவையகத்தில் அனுப்பியபோது ‘405’ என்ற மறுப்பே வந்தது. முன்பதிவை மாற்றவும் ரத்து செய்யவும் அவை தேவைப்பட்டன. உள்நுழைந்தவருக்கு மட்டுமே அவை வேலை செய்கின்றனவா என்பதை உறுதிப்படுத்தினோம்.

எல்லாவற்றையும் தடுப்பதே பாதுகாப்பு என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். பூட்டிய கடைக்குத் திருடன் வரமாட்டான், வாடிக்கையாளரும் வரமாட்டார்.

இணையப் பாதுகாப்பு படிக்கும் நம்மில் பலர் கருவியை இயக்கத் தெரிந்ததும் வேலை தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஒவ்வொரு குறைக்கும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். பதில் தருவது ஃபயர்வாலின் சொந்த நிர்வாகப் பக்கமா, பின்னால் உள்ள சேவையகமா? அந்த முறை உண்மையில் வேலை செய்கிறதா? அது யாருக்குத் தேவை? குறை இல்லையென்றால் அதற்கான ஆதாரத்தையும் எழுதி வைக்கிறேன்.

அறிக்கையை மென்பொருள் தரும். முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் நாம்தான்.